‘பெடல் போட்’ நாடகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானலில் நாங்கள் போட்டு வரும் ‘பெடல் போட்’ நாடகம் முடிந்ததும் ஆட்கள் உடனே கிளம்புவதில்லை. ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டே மேடை ஓரமாக வந்து நிற்கிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஆனால் சிலவற்றுக்கு நின்றபடி ரெண்டு வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. நாடகத்தை எழுதியவள் என்ற முறையில் அந்தப் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கதை என்ன? பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மூன்று ஜோடிகளின் கதை. முதல் ஜோடி பூம்பாறையில் மலைப்பூண்டு போடுகிறவர்கள். 2006இல் கல்யாணம். ஒரே பையன், பிளஸ் டூ படிக்கிறான். கணவர்தான் மூட்டைகளைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வடுகபட்டி சந்தைக்குப் போய் வருவார். கீழே அவருக்கு இன்னொரு பெண்ணோடு பழக்கம் உண்டாகி, அது மனைவிக்குத் தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது ஜோடி பெங்களூரிலிருந்து வந்து நாயுடுபுரத்தில் வாடகை வீடு எடுத்து, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள். வேறு வேறு மதம் என்பதால் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்ய நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். பெண் உறுதியாக இருக்கிறாள். பையனுக்குக் கல்யாணம் என்ற வார்த்தையைக் கேட்டாலே உள்ளுக்குள் உதறல்.

மூன்றாவது ஜோடி ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜின் மேனேஜரும் அவர் வீட்டம்மாவும். 32 வருஷத் தாம்பத்தியம். யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. ஆனால் ரெண்டு பேருக்கும் நடுவில் பேச்சு என்று மிஞ்சியிருப்பது சிலிண்டர் புக் பண்ணியாச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா என்பதுதான்.

மூன்று கதையும் ஒரு சாயங்காலம் ஏரியில் சந்தித்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் முடியும்.

‘பெடல் போட்’ என்று ஏன் பேர் வைத்தீர்கள்?

கொடைக்கானல் ஏரி 1863இல் வெரே ஹென்றி லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி ஓடைகளை மறித்து உண்டாக்கியது. சுற்றி நடந்தால் சுமார் 5 கிலோமீட்டர் வரும். மலைக்கு வருகிற புது ஜோடிகள் சாக்லேட் வாங்க மறந்தாலும் இந்த ஏரியில் போட் ஏற மறப்பதில்லை.

எனக்கு 11 வயதில் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. மறுவாரம் அக்காவும் அத்தானும் என்னையும் கூட்டிக்கொண்டு நாலு பேர் போட்டில் போனார்கள். முன்னால் அவர்கள், பின் சீட்டில் நான். அந்தப் படகுகளில் பெடல்கள் தனித்தனியாகத் தெரிந்தாலும் உள்ளே ஓடுவது ஒரே அச்சு. ஒருத்தர் மிதித்தால் போதும், அடுத்தவர் காலடியிலும் பெடல் தானாகச் சுற்றும். பின்னாலிருந்து பார்த்த எனக்கு ரெண்டு பேர் முழங்காலும் ஒரே சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கரைக்கு வந்ததும் அத்தான் தாவிக் குதித்துச் சோளக்கருது வாங்க ஓடினார். அக்காவுக்குக் கால் நடுங்கி, எழுந்து நிற்க முடியவில்லை. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மிதித்தது யார், காலை மட்டும் வைத்துக்கொண்டு வந்தது யார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் காட்சி ரொம்ப வருஷம் மனதிலேயே கிடந்து, அப்புறம் நாடகமாக வந்தது.

பாத்திரங்கள் யாருக்கும் பேரே இல்லையே?

முதல் ஒத்திகையில் பேர் வைத்திருந்தோம். சின்ன ஊர் இது. எந்தப் பேரை வைத்தாலும் மூஞ்சிக்கல்லில் ஒருத்தர், பெருமாள்மலையில் ஒருத்தர் அந்தப் பேரில் இருப்பார். ஒத்திகை பார்த்த யாரோ வெளியே போய்ப் பேச, அதே பேருள்ள ஒருவர் வீட்டில் ரெண்டு நாள் சண்டை என்று காதுக்கு வந்தது. அன்றைக்கே எல்லாப் பேரையும் எடுத்துவிட்டேன். இப்போது பூண்டண்ணன், பூண்டக்கா, மேனேஜர், வீட்டம்மா, தம்பி, பாப்பா என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். மூன்று கதையும் கற்பனைதான். அந்தப் படகுக் காட்சி போக, அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. அதைப் பின்னால் சொல்கிறேன்.

துரோகத்தை வைத்துச் சிரிப்பு நாடகமா? அது சரியா?

சிரிப்பு யார்மேல் விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் சரியும் தப்பும். நம் ஊர்ச் சிரிப்பு நாடகங்களில் ‘சின்ன வீடு’ வைத்திருப்பவன் சாமர்த்தியசாலி, கண்டுபிடிக்கிற மனைவி கத்துகிற ராட்சசி. கைதட்டல் அவனுக்கு, கேலி அவளுக்கு. எனக்குச் சின்ன வயதிலிருந்தே அதைப் பார்த்தால் வயிறு எரியும். எழுத உட்கார்ந்ததும் முதலில் முடிவு செய்தது இதைத்தான்: காயப்பட்டவரைப் பார்த்துச் சிரிக்கிற வசனம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பொய் சொல்கிறவர் அந்தப் பொய்யைக் காப்பாற்றப் படுகிற பாடு இருக்கிறதே, அதைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. இந்த விஷயத்தைச் சீரியஸாக மட்டும் சொன்னால், யாருக்குக் கேட்க வேண்டுமோ அவர் அரைமணி நேரத்தில் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிறார். சிரிக்க வைத்தால் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த இ-பாஸ் காட்சி நிஜமாக எங்கேயாவது நடந்ததா?

இல்லை, நான் கட்டியது. 2024 மே 7ஆம் தேதியிலிருந்து சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. மலை தாங்குகிற அளவுக்கு மேல் வண்டிகள் ஏறுவதால் வந்த ஏற்பாடு. பாஸ் வந்த புதிதில் எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது தோன்றிய காட்சி.

வீட்டில் ‘ஆபீஸ் வேலையாகச் சேலம்’ என்று சொல்லிவிட்டு வேறொரு பெண்ணோடு மலையேறுகிற ஒருவர், பாஸ் போடும்போது பழக்க தோஷத்தில் மனைவியின் செல் நம்பரைப் போட்டுவிடுகிறார். கேஸ், ரேஷன், பால் கார்டு எல்லாவற்றுக்கும் அந்த நம்பர்தான். ஓடிபி அங்கே போகிறது. வேறு வழியில்லாமல் அவரே மனைவிக்குப் போன் போட்டு, ‘ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு, சொல்லு’ என்கிறார். அந்த அம்மா நிதானமாக ஆறு எண்ணையும் சொல்லி முடித்துவிட்டு, ‘ஏங்க, சேலத்துக்கு எப்பங்க பாஸ் வச்சாங்க?’ என்று கேட்கிறார். மண்டபம் அதிர்கிற இடம் அது. ஆனால் அந்த அம்மாவாக நடிப்பவரிடம் ஒன்று சொல்லியிருக்கிறேன்: சிரிப்பு அடங்கும்வரை போனைக் கீழே வைக்காமல் அப்படியே நில்லுங்கள். கூட்டம் மெதுவாக அவர் முகத்தைப் பார்க்க ஆரம்பிக்கும்.

இந்தக் கதைக்குக் கொடைக்கானல் எதற்கு? மதுரையில் நடந்தால் ஆகாதா?

நம் பழைய பாட்டுகளில் நிலத்துக்கு ஒரு மனநிலை வகுத்திருக்கிறார்கள். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி, அதற்குப் புணர்தல். வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம், அதற்கு ஊடல். காதலர்கள் சேர்வது மலையில், கணவன் பரத்தையிடம் போய்வந்து வாசலில் நிற்பது வயல்காட்டு ஊரில். இன்றைக்கும் அதே கணக்குத்தான் ஓடுகிறது. கல்யாணமான கையோடு ஜோடிகள் பஸ் பிடித்து மேலே வருகிறார்கள். ரெண்டு நாள் தங்கி, தூண் பாறையில் பனி விலகக் காத்திருந்து போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். மலை அவர்களுக்கு ஆரம்பம் மட்டும்தான்.

ஆனால் மேலேயே பிறந்து மேலேயே குடித்தனம் நடத்துகிற எங்களுக்கு ஊடலும் இங்கேதானே நடந்தாக வேண்டும்? குறிஞ்சி நிலத்தில் மருதத்தின் கதையை வைத்துப் பார்க்க ஆசைப்பட்டேன். பூண்டண்ணன் தப்புச் செய்ய மலையை விட்டு இறங்க வேண்டியிருக்கிறது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல மலையேறி வந்துதான் தீர வேண்டும். வத்தலக்குண்டு ரோட்டில் வளைவு வளைவாக ஏறி வருகிற அந்த இரவுப் பயணத்தை ஒரு முழுக் காட்சியாக வைத்ததற்கு இதுதான் காரணம். ஒவ்வொரு வளைவிலும் அவர் ஒரு பொய்யை ஒத்திகை பார்ப்பார்.

பூண்டக்காவுக்கு எப்படித் தெரிந்தது? அந்த இடம் சரியாகப் புரியவில்லை.

பின்வரிசையில் இருந்தவர்கள் இதை அதிகம் கேட்கிறார்கள். மேடையில் நாங்கள் வசனம் வைக்காததுதான் காரணம், அதனால் இங்கே சொல்கிறேன்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பல் சின்னது, காரமும் வாசனையும் தூக்கல், புகையில் காட்டிப் பக்குவமாகத் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. அந்த வீட்டில் எல்லாமே அந்த வாசனைதான். போர்வை, பையனின் ஸ்கூல் பை, பிக்கப் சீட், எல்லாம். மூட்டை இறக்கிவிட்டுச் சந்தையிலிருந்து வருகிற மனிதர் எப்போதும் பூண்டும் வியர்வையுமாகத்தான் வருவார். அன்றைக்கு இரவு வருகிறார். சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுக்கிறார். அவள் வழக்கம்போல வாங்கிக் கொடியில் போடப் போகிறவள், பாதியில் நின்று முகர்ந்து பார்க்கிறாள். சட்டையில் பூண்டு வாசனை. அவரிடம் இல்லை. அவர்மேல் புதுச் சோப்பு வாசனை.

அவ்வளவுதான். அவள் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் காய வைத்திருந்த அடுப்பை அணைத்துவிட்டு, ‘குளிச்சிட்டுத்தானே வந்திருக்கீங்க’ என்று மட்டும் சொல்வாள். ஒத்திகையில் இந்த வரியை அழுதுகொண்டு, கோபமாக, கிண்டலாக என்று பல மாதிரி சொல்லிப் பார்த்தோம். கடைசியில், தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்கிற சாதாரணக் குரல்தான் சரியாக அமைந்தது.

கடைசிவரை பூண்டக்கா மன்னிக்கவே இல்லையே. அவர்தான் திருந்திவிட்டாரே, பையன் வேறு இருக்கிறானே?

அதிகமாக வருகிற கேள்வி இது. ஆண்கள் மட்டுமல்ல, நிறைய அம்மாக்களும் கேட்கிறார்கள். அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டதைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அத்தானுக்கு வேறு பழக்கம் இருந்தது தெரிந்தபோது ரெண்டு வீட்டுப் பெரியவர்களும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு ‘இனிமே நடக்காது’ என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். எல்லோரும் காபி குடித்துவிட்டுப் போனார்கள். பன்னிரண்டாவது நாள் மாமா ஒருத்தர் வந்து அக்காவைப் பார்த்து, ‘இன்னும் எத்தனை நாளைக்கும்மா மூஞ்சியத் தூக்கி வச்சிருப்ப?’ என்று கேட்டார். அந்தப் பழக்கம் ஒன்றரை வருஷம் நடந்திருக்கிறது. அவருக்கு ஒன்றரை வருஷம். அவளுக்குப் பன்னிரண்டு நாள்.

அக்கா எழுந்து போய்ச் சமையலைப் பார்த்தாள். எல்லோரும் சரியாகிவிட்டது என்று நிம்மதியானார்கள். சரியாகவில்லை. இன்றுவரை அவள் அத்தானிடம் ‘எங்க போறீங்க, எப்ப வருவீங்க’ என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்கிற பழக்கமே அவளிடமிருந்து போய்விட்டது. அது மன்னிப்பு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

காயப்பட்டவர் எத்தனை நாளில் ஆற வேண்டும் என்று காயப்படுத்தியவர் நாள் குறிக்க முடியாது, சுற்றியிருப்பவர்களும் குறிக்க முடியாது. இதைச் சொல்லத்தான் இந்த நாடகமே எழுதினேன். பூண்டண்ணன் ஒரு நாள் வேலிப் பக்கம் நின்று, ‘எப்பத்தான் புள்ள பேசுவ?’ என்று கேட்பார். அவள் எதிர்மலையைப் பார்த்துவிட்டு, ‘பூக்கட்டும், பார்ப்போம்’ என்பாள். நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறை பூப்பது. அவர்கள் கல்யாணம் நடந்த 2006இல் பூத்தது. 2018இல் பையனையும் கூட்டிக்கொண்டு ரெண்டு பேரும் போய்ப் பார்த்தார்கள். இனி 2030. முதலில் கூட்டம் சிரிக்கும். அப்புறம் வருஷத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அமைதியாகிவிடும்.

அதுவரை அவள் அவரைப் பட்டினி போடவில்லை, வீட்டைவிட்டுத் துரத்தவும் இல்லை. சேர்ந்து பூண்டு பிடுங்குகிறார்கள், சேர்ந்து கட்டுகிறார்கள். அவர் கொட்டகையில் படுத்துக்கொள்கிறார். இனி எங்கே போனாலும் சொல்லிவிட்டுப் போகிறார். அவள் கேட்டதற்காக அல்ல, அவராகவே சொல்கிறார். திருந்திவிட்டார் என்பது உண்மையானால் இதைச் செய்ய அவருக்குக் கஷ்டம் இருக்கக் கூடாது.

ஊடல் அழகானது என்றுதானே இலக்கியம் சொல்கிறது?

ஒரு தமிழாசிரியர் கேட்டது. அவரோடு அரைமணி நேரம் பேசினேன், நல்ல பேச்சு. திருக்குறளே 133ஆவது அதிகாரமான ஊடலுவகையில்தான் முடிகிறது. ஊடலில் இன்பம் உண்டு என்பதில் எனக்கு மறுப்பில்லை. தாமதமாக வந்ததற்கு, கல்யாண நாளை மறந்ததற்கு ஊடலாம். ஆனால் பெரிய துரோகத்துக்கும் அதே மெல்லிய வார்த்தையைப் போர்த்தி, ‘சும்மா ஊடல்தான், சரியாயிடும்’ என்று சொல்வதுதான் வேண்டாம்.

அந்தப் பாட்டுகளிலேயே இன்னொன்றும் இருக்கிறது. தப்புச் செய்த தலைவன் நேரே வர வெட்கப்பட்டுப் பாணனையோ வேறு யாரையோ தூது அனுப்புவான். அந்தத் தூதுக்கு வாயில் என்று பேர். தலைவி, தோழி மறுத்து அனுப்பிவிடுவார்கள். அதற்கு ‘வாயில் மறுத்தல்’ என்று தனித் துறையே உண்டு. மறுப்பதற்குப் பேர் வைத்து, பாட்டுக் கட்டி, ஈராயிரம் வருஷமாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறோம். பன்னிரண்டாவது நாள் வந்த மாமா வேறு யார்? அவரும் ஒரு வாயில்தான். நாடகத்தில் பூண்டக்காவின் அண்ணன் அந்த இடத்தில் வருகிறார்.

அந்த இன்னொரு பெண்ணை ஏன் மேடைக்கே கொண்டுவரவில்லை?

வந்தால் கூட்டத்தின் கோபம் முழுக்க அவள்மேல் போய்விடும். ‘இவதான் கெடுத்தா’ என்று சொல்லிவிட்டுப் பூண்டண்ணனை விட்டுவிடுவார்கள். வாக்குக் கொடுத்தவர் அவர். கணக்கும் அவரோடுதான்.

போலீஸ் ஸ்டேஷன் காட்சியில் ‘இது இப்ப கேஸ் இல்லைங்க’ என்கிறாரே ரைட்டர். அது நிஜமா?

நிஜம். 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பிறன்மனை உறவைக் குற்றமாக வைத்திருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவை ரத்து செய்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது குற்றமாக இல்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று: பழைய சட்டம் அப்படியே இருந்திருந்தாலும் பூண்டக்காவால் புகார் கொடுத்திருக்க முடியாது. இன்னொருவன் மனைவியோடு அந்தக் கணவன் சம்மதம் இல்லாமல் உறவு வைத்தால் குற்றம் என்பதுதான் 1860ஆம் வருஷத்துச் சட்டம். பாதிக்கப்பட்டவராக அது பார்த்தது அந்தக் கணவனை மட்டும்தான். வீட்டில் உட்கார்ந்திருக்கிற மனைவியைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. ஆகவே அந்தப் பிரிவு போனதில் எனக்கு வருத்தம் கிடையாது.

குற்றமில்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாது என்று அர்த்தமில்லை. இந்துத் திருமணச் சட்டம் 13ஆவது பிரிவில் அது இன்றும் விவாகரத்துக்கான காரணம். முதல் மனைவி இருக்கும்போது இன்னொரு கல்யாணம் செய்தால் அது தனிக் குற்றம், ஏழு வருஷம்வரை சிறை. அடி, மிரட்டல், வீட்டைவிட்டுத் துரத்துவது என்று போனால் 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ரெண்டு பேரும் மனமொத்துப் பிரிவதென்றால் ஒரு வருஷம் பிரிந்திருந்து மனுப் போட வேண்டும். அதன்பின் உள்ள ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நாடகம் முடிந்து ஒரு பெண் தனியாக வந்து, ‘வக்கீல் வைக்க எங்கிட்ட காசில்லையே அக்கா’ என்றாள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் போய்க் கேட்கலாம். 181 என்ற எண்ணுக்குப் போனும் போடலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு காட்சி முடிவிலும் இதை அறிவிக்கிறோம்.

தம்பி தினமும் நோட்டீஸ் போர்டைப் பார்க்கப் போவது எதற்கு?

யாராவது ஆட்சேபணை கொடுத்திருக்க மாட்டார்களா என்ற ஆசையில். சிறப்புத் திருமணச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்தால் அதைத் திருமணப் பதிவு அலுவலர் அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒட்டி வைப்பார்கள். 30 நாளுக்குள் ஆட்சேபணை சொல்லலாம். ஆனால் வயது போதவில்லை, ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருக்கிறது, மணக்கக் கூடாத நெருங்கிய உறவு, இப்படிச் சட்டத்தில் உள்ள காரணங்களுக்காக மட்டும்தான். தம்பிக்குத் தானாக வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லை. யாராவது நிறுத்தினால் நல்லது என்று பதினேழு நாள் போய்ப் பார்க்கிறான். அலுவலக உதவியாளர் கடைசியில், ‘உங்களுக்கே ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுங்க தம்பி, பேப்பர் தர்றேன்’ என்பார். பின்னால் பாப்பா நிற்பாள்.

அவள் கத்தவில்லை. ‘நோட்டீஸ் மூணு மாசம் செல்லும். அதுக்குள்ள ஒரு நாள் போர்டைப் பார்க்காம என்னையப் பார்த்துச் சொல்லு’ என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவாள். இந்த ஜோடியை எழுதும்போது எனக்கு அவன்மேலும் பிரியம் இருந்தது. அவனுக்கு வேறு யார்மேலும் ஆசை இல்லை. அப்பா அம்மா சண்டையைப் பார்த்து வளர்ந்தவன், தானும் அப்படி ஆகிவிடுவோமோ என்று பயப்படுகிறான். பயத்தை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவளே பாதியைத் தீர்த்திருப்பாள்.

மேனேஜர் தம்பதி எதற்கு? அவர்களிடம்தான் தப்பே இல்லையே.

அதற்காகத்தான். லாட்ஜில் பத்து வருஷம் முந்தி தங்கியவர் வந்தாலும், ‘சார் உங்களுக்குச் சர்க்கரை கம்மி, இஞ்சி தூக்கல்’ என்று சொல்கிற மனிதர் அவர். ஒரு நாள் வீட்டம்மா, ‘எனக்கு டீயில எத்தன ஸ்பூன் சர்க்கரைங்க?’ என்று கேட்கிறார். ‘ரெண்டு’ என்கிறார் மேனேஜர், பெருமையாக. ‘எனக்குச் சுகர் வந்து நாலு வருஷம் ஆச்சுங்க.’ மண்டபத்தில் இந்த இடத்தில்தான் கணவன்மார் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறார்கள். மேடையிலிருந்து நன்றாகத் தெரிகிறது.

குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

பத்து வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. பார்க்கக் கூடாத காட்சி எதுவும் இல்லை. வீட்டுக்குப் போய்க் கேள்வி கேட்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள்.

எங்கள் ஊரில் நாங்கள் போடலாமா?

போடுங்கள், பணம் வேண்டாம். ஒரு மணி நேரம் ஐம்பது நிமிஷம் ஓடும். எட்டு பேர் போதும். படகுக்கு ரெண்டு ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலியைச் சேர்த்துக் கட்டி, கீழே பழைய சைக்கிள் பெடலை ஒரே கம்பியில் மாட்டிக்கொள்ளுங்கள். தனித்தனியாக மாட்டினால் காட்சியே போச்சு. வட்டார வழக்கை உங்கள் ஊருக்குத் தக்க மாற்றலாம். மாற்றக் கூடாதது ஒன்று: பூண்டக்கா மன்னிப்பதாக முடிவை மாற்றாதீர்கள். அப்புறம், பூண்டு நிஜப் பூண்டாக இருக்க வேண்டும். முதல் பாதி முழுக்க அவள் உரித்துக்கொண்டே இருந்தால்தான் முன்வரிசைவரை வாசனை போகும்.

தன் வாழ்க்கை அப்படி இருக்கும்போது, கடைசியில் பூண்டக்கா எப்படி இன்னொரு கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறாள்?

இந்தச் சட்டப்படி நடக்கும் கல்யாணத்துக்கு மூன்று சாட்சிகள் வேண்டும். மூன்று மாதம் முடியச் சில நாள் இருக்கும்போது தம்பி பெங்களூர் போய் அவளைக் கூட்டி வருகிறான். ஏரியில் போட்டின் நடுவில் தன் பயத்தை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். சொல்லச் சொல்ல அவன் மிதிக்கிற வேகம் கூடும், அவள் முதல் தடவையாகக் காலை ஓய வைப்பாள். சாட்சிக்கு மேனேஜரும் வீட்டம்மாவும் வந்துவிடுகிறார்கள். மூன்றாவது ஆள் இல்லை. லாட்ஜுக்குப் பூண்டு கொடுக்க வந்த பூண்டக்காவை வீட்டம்மா கையைப் பிடித்துக் கூட்டி வருகிறார்.

அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். கல்யாணத்தின்மேல் அவளுக்கு வெறுப்பு வந்திருந்தால் திரும்பிப் போயிருப்பாள். அவளுக்கு வெறுப்பில்லை. கொடுத்த வார்த்தைக்கு மதிப்பு உண்டு என்று இன்னும் நம்புவதால்தான் அவளுக்கு அவ்வளவு வலி. அதனால் குனிந்து, நிறுத்தி, முழுப் பேரையும் எழுதுகிறாள். பேனாவைப் பாப்பாவிடம் கொடுக்கிறாள்.

பாப்பா பேனாவை மூக்கருகே கொண்டுபோய், ‘அக்கா, பூண்டு வாசனை’ என்பாள்.

‘போகாது. ரெண்டு நாளைக்கு இருக்கும்.’

அத்தோடு விளக்கை அணைத்துவிடுவோம்.